கருவுற்ற பிறகு கிடைக்கும் ரகசியம், அதற்கு முன்பு ஏன் இல்லை?

பெறுநர்:
மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர்,
சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சர்,
இந்திய ஒன்றிய அரசு, புது தில்லி.

மதிப்புக்குரிய அமைச்சர்களே,

சென்ற மாதம் நான் வேலை பார்க்கும் மையத்துக்கு ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது. 18 வயது முடியாத யார் கருத்தடை பற்றிக் கேட்டாலும் பெற்றோரை அழைத்து வரச் சொல்ல வேண்டும். வராவிட்டால் ஏ.ஆர். (காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியவற்றைப் பதியும் மருத்துவமனைப் பதிவேடு) போட்டு, காவல் நிலையத்துக்கு இன்டிமேஷன் அனுப்பிவிட வேண்டும். சுவரில் மாட்டியிருந்த ஆணுறைப் பெட்டியை அன்று மாலையே கழற்றி ஸ்டோருக்குக் கொடுத்தனுப்பினார்கள். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். "எழுத்துல எல்லாம் வராதும்மா, சட்டம் அப்படித்தான் இருக்கு" என்றார் பொறுப்பு மருத்துவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. சட்டத்தை அப்படி வைத்திருப்பவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

நான் வளரிளம் பருவத்தினருக்கான மையம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநர். ஒப்பந்த வேலைதான். சுகாதார அமைச்சகம் 2014 ஜனவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தின் கீழ் எங்கள் மையம் இயங்குகிறது. 10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்கள் எங்கள் பொறுப்பு. சத்துக்குறைவு, மனநலம், போதைப் பழக்கம் என்று திட்டம் எடுத்துக்கொண்ட ஆறு விஷயங்களில் பாலியல், இனப்பெருக்க நலமும் ஒன்று. ஆணுறையும் கருத்தடை மாத்திரையும் நாங்கள் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலிலேயே இருக்கின்றன.

இன்னொரு அமைச்சகத்தின் சட்டமான போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்), 18 வயது முடியாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடன் நடக்கும் பாலுறவு, இருவரும் விரும்பி நடந்ததாக இருந்தாலும், இருவருமே 17 வயதுக்காரர்களாக இருந்தாலும், குற்றம் என்கிறது. ஆக, ஒரு அமைச்சகம் எங்களிடம் ஒப்படைத்திருக்கும் பத்து வயதுகளில் எட்டு வயதுகள் இன்னொரு அமைச்சகத்தின் குற்றவியல் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் இரண்டு அலுவலகங்களும் இதைப் பற்றி ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த வாய்மொழி உத்தரவுக்கு வேலையே இருந்திருக்காது.

எங்கள் அறைச் சுவரில் இரண்டு போஸ்டர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் பையனும், கீழே "நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும்" என்ற வரி. மற்றதில் போக்சோ சட்டம், தெரிந்தும் சொல்லாதவருக்குத் தண்டனை, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் ஒட்டியது நான்தான். மேலிருந்து அனுப்பியதை ஒட்டாமல் இருக்க முடியுமா? உள்ளே வருகிற பிள்ளைகள் நான் கம்ப்யூட்டரில் பெயரைப் பதிவு செய்து முடிப்பதற்குள் இரண்டையும் படித்துவிடுகிறார்கள். படித்துவிட்டு, "வயித்து வலி மேடம்" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிப் போகிறவர்களின் கணக்கு உங்கள் மாதாந்திர அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் வராது.

போக்சோவின் பிரிவு 19(1) ஊழியர்கள் வாயில் தினமும் அடிபடுகிறது. முழுதாகப் படித்தவர்கள் குறைவு. குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலே காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. சொல்லத் தவறினால் பிரிவு 21-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதைக் கருத்தடைக்குப் பொருத்திப் பாருங்கள். 17 வயதுப் பையன் ஒருவன் ஆணுறை கேட்கிறான். எதுவும் நடக்கவில்லை, நடக்காமலே கூடப் போகலாம். நடந்தால் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறான். அந்த நினைப்பையே 'ஐயம்' என்ற கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறது சட்டம். யோசித்து நடப்பவன் என் மேஜைக்கு வந்து மாட்டிக்கொள்கிறான். யோசிக்காதவனைப் பற்றி எனக்கும் தெரியப்போவதில்லை, காவல் துறைக்கும் தெரியப்போவதில்லை.

நான் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு, ஓ.பி. சீட்டில் வயது 17. உட்கார்ந்ததும் சீட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். தோழிக்காகக் கேட்க வந்ததாகச் சொன்னாள். எல்லோரும் தோழிக்காகத்தான் கேட்பார்கள். அதைத் திருத்தாமல் இருப்பது எங்கள் வேலையின் முதல் பாடம். தோழிக்கு முந்தாநாள் 'அப்படி' ஆகிவிட்டதாம். மூன்று நாளைக்குள் போடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறதாமே என்றாள்.

இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். 72 மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு பலன். ஏற்கனவே உண்டான கர்ப்பத்தை அது கலைக்காது. பெரியவர்கள் இதை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். (தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் எந்தத் தடையும் இல்லாமலே இதை வாங்கி வைப்பதில்லை. அது தனி வழக்கு, இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.) நான் பாதிதான் விளக்கியிருப்பேன், "வீட்டுக்குச் சொல்லுவீங்களா மேடம்?" என்றாள். பிள்ளை மனம் திறப்பதற்கு முன்பே, எதை என்னால் ரகசியமாக வைக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. சொன்னேன். போலீஸ் என்ற வார்த்தை வந்ததுமே எழுந்துவிட்டாள். கதவருகில் நின்று, "எனக்கு இல்ல மேடம், தோழிக்குத்தான்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்து அவளைப் பார்த்தபோது கூடவே அம்மா இருந்தார். ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது.

சட்டத்தின் பரிவு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. விருப்பத்தோடு உறவு கொண்டு கருவுற்ற மைனர் பெண்கள், காவல் துறைக்குத் தகவல் போய்விடும் என்ற பயத்தில் தகுதியில்லாதவர்களிடம் போய்க் கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டது. எனவே பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பிரிவு 19-ன் கீழ் அனுப்பும் தகவலில் அவள் பெயரையும் தனிப்பட்ட விவரங்களையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. நல்ல தீர்ப்பு. இந்தப் பிள்ளைக்கும் அதுதான் கைகொடுத்தது. அம்மா கையெழுத்துப் போட்டார், பெயர் இல்லாமல் தகவல் போனது, கருக்கலைப்பு முறையாக நடந்தது.

ஆனால் அந்தச் சலுகை கருக்கலைப்பு என்ற ஒரே நோக்கத்துக்கு மட்டும் என்று தீர்ப்பே வரம்பு கட்டிவிட்டது. கருத்தடை கேட்டு வருகிற பெண்ணுக்கு அது பொருந்தாது. அதாவது, கர்ப்பமாகி வந்தால் அவள் பெயரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. கர்ப்பமாகாமல் இருக்க வழி கேட்டு வந்தால் அந்த வழி இல்லை. ஒரு மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஐந்தாம் மாதக் கருக்கலைப்பு வரைக்கும் போன பிறகுதான் ரகசியம் என்ற உரிமை அவளுக்கு வாய்க்கிறது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது; அதன் முன் இருந்த வழக்கு கருக்கலைப்புச் சட்டம் பற்றியது. மிச்சத்தை நிரப்ப வேண்டியது நீங்கள். எங்கள் மையம் வரை அப்படி எதுவும் வந்து சேரவில்லை; வந்தது அந்த வாய்மொழி உத்தரவுதான்.

இன்னும் ஒன்று. போக்சோ விதிகளிலேயே, தாக்குதலுக்கு ஆளான பருவமடைந்த சிறுமிக்கு அவசர கருத்தடை பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. மருத்துவ உதவிக்கு முன்நிபந்தனையாக எந்தச் சட்ட ஆவணத்தையும் கேட்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஆக, அந்த மாத்திரை 17 வயது உடம்புக்கு ஆகாது என்று உங்கள் சட்டமே நினைக்கவில்லை. பிரச்சினை மருந்தில் இல்லை. 'பாதிக்கப்பட்டவள்' என்ற பெயரோடு வந்தால் கொடுக்கலாம். தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவளாக வந்தால் கையைப் பிசைய வேண்டும்.

பையன் பக்கத்தையும் பாருங்கள். அந்தப் பிள்ளையின் பெயர் வெளியே போயிருந்தால், 18 வயது முடிந்து சில மாதமே ஆகியிருந்த அந்தப் பையனுக்கு என்ன ஆகியிருக்கும்? 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 4-ன் கீழ் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பிரிவு 5-ன்படி பெண் கருவுற்றுவிட்டால் குற்றம் கடுமையானதாக மாறி, குறைந்தபட்சம் 20 ஆண்டு ஆகிறது. நீதிபதி நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. கருத்தடையைக் கைக்கெட்டாமல் வைப்பதும் சட்டம்தான், அதனால் உண்டாகும் கர்ப்பத்துக்காகத் தண்டனையை இரட்டிப்பாக்குவதும் அதே சட்டம்தான். 16, 17 வயதுப் பையன்களுக்கும் நிம்மதி இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி கொடுங்குற்றம் என்றால் அவர்களையும் பெரியவர்களைப் போல விசாரணைக்கு அனுப்ப வழி இருக்கிறது.

இதையெல்லாம் சென்னை உயர் நீதிமன்றம் உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. 2019-இல் நீதியரசர் பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் விருப்ப உறவைப் போக்சோவிலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கச் சொன்னார். 2021 ஜனவரியில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமே அல்ல என்று வழக்கு ஒன்றை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறைத் தலைவர், இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கையே அனுப்பினார். காவல் துறைக்கே புரிந்துவிட்டது. நீங்களோ 2025-இல் உச்ச நீதிமன்றத்தில், 18 என்பதில் எந்தத் தளர்வும் கூடாது என்று வாதாடினீர்கள்.

அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. குழந்தைகளைச் சீரழிப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான்: உறவினர், அண்டைவீட்டார், ஆசிரியர். "அவளும் சம்மதிச்சா" என்று சொல்லித் தப்பிக்க அவர்களுக்கு வழி விடக்கூடாது. என் வேலையில் அப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், புகாரும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த உண்மைகள் வெளியே வந்தது எப்படி என்று கேளுங்கள். மாதவிடாய் சரியாக வரவில்லை என்று வந்த ஒரு பிள்ளை, இரண்டாவது முறை வந்தபோது உடம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டாள். மூன்றாவது முறைதான் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள். முதல் நாளே ஏ.ஆர். என்று நான் ஆரம்பித்திருந்தால் மூன்றாவது முறை என்ற ஒன்றே இருந்திருக்காது. புகார் போனபோது எதற்கு, யாருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கடைசி வரை பின்வாங்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் நம்பிப் பேச ஓர் இடம் இருந்தால்தான் வன்முறையும் வெளியே வரும். அந்த இடத்தைக் காவல் நிலையத்தின் முன்னறையாக்கிவிட்டால் காதலிக்கும் பிள்ளைகளும் வர மாட்டார்கள், சித்தப்பாவிடம் சிக்கிய பிள்ளையும் வராது.

பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா என்று அடுத்த கேள்வி வரும். தெரிந்தால் நல்லதுதான். என்னிடம் வருகிற பெண்களில் பலர் கடைசியில் கேட்பதே, "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லிக் குடுங்களேன்" என்பதுதான். சேர்ந்து உட்கார்ந்து என்ன சொல்லலாம் என்று யோசித்திருக்கிறோம். சில அம்மாக்களை வரவழைத்து நானே பேசியிருக்கிறேன். அதற்கெல்லாம் கால அவகாசம் வேண்டும். 72 மணி நேரத்துக்குள் பலன் தரும் மாத்திரைக்குப் பெற்றோர் கையெழுத்தை நிபந்தனையாக வைத்தால், அவள் பெற்றோரிடம் போவதில்லை, மாத்திரையை விட்டுவிடுகிறாள். இன்னொரு சாதிப் பையன் என்றால் வீட்டில் தெரிவதன் அர்த்தமே வேறு. அதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கருத்தடை கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பவர்களுக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. எங்கள் ஆணுறைப் பெட்டி ஸ்டோருக்குப் போன அன்று எந்தக் காதலும் நின்றுபோனதாகத் தெரியவில்லை.

மணமான பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பே (2019-21), 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் என்கிறது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கனவே தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம், மனைவியே ஆனாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் அந்த உறவு வல்லுறவுதான் என்று தீர்ப்பளித்தது. கொள்கையாக அதில் எனக்கு மறுப்பில்லை. நடைமுறையில் என்ன ஆனது? வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் கிராம சுகாதார செவிலியர், 17 வயது மருமகளைப் பார்த்ததும் என்ன செய்வார்? கொடுத்தால் தெரிந்தும் மறைத்தவர். சொன்னால் அடுத்த முறை அந்த வீட்டுக் கதவு திறக்காது. அந்தப் பெண் வயதைக் கூட்டிச் சொல்லுவாள், அல்லது ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டாள். இடுப்பெலும்பு முழுதாக வளராத, ரத்தசோகை உள்ள உடம்பு அது. வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை என்று வருகிற எல்லா ஆபத்தும் அவளுக்கு அதிகம். 15 முதல் 19 வயதுப் பெண்களின் மரணத்துக்கு உலக அளவில் முக்கியக் காரணங்களில் ஒன்று கர்ப்பகாலச் சிக்கல்கள் என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

மருத்துவர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்பீர்கள். 2022 செப்டம்பரில் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில், மாணவிகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாத ஒரு மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது தவறு என்று அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு சொன்னது. இரண்டும் வேறு வேறு சூழல்கள், இரண்டுமே சரியான தீர்ப்புகள். ஆனால் இரவுப் பணியில் இருக்கும் டூட்டி டாக்டருக்குத் தீர்ப்புகளைப் பிரித்துப் படிக்க நேரம் ஏது? எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஏ.ஆர். போட்டுவிடுவார். மருத்துவத்துக்குச் சம்மதம் சொல்லும் வயது எது என்பதற்கும் தெளிவான பதில் இல்லை. 12 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் செல்லாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா. 18-தான் மேஜர் வயது என்கிறது 1875-ஆம் ஆண்டுச் சட்டம். நடுவில் இருக்கும் ஆறு ஆண்டுகளை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொள்கிறது.

இதை முன்பே யோசித்துத் தீர்வு கண்ட நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பாலுறவுக்கான சம்மத வயது 16. ஆனாலும், அதற்குக் கீழ் உள்ள பெண் விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உள்ளவளாக இருந்தால், பெற்றோருக்குத் தெரியாமலே மருத்துவர் கருத்தடை ஆலோசனை தரலாம் என்று அங்கே அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1985-இல் கில்லிக் வழக்கில் தீர்ப்பளித்தது. 2003-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தில், கர்ப்பத்தைத் தடுக்கவோ பால்வினை நோயிலிருந்து காக்கவோ ஆலோசனை தருபவர் குற்றத்துக்கு உடந்தை ஆக மாட்டார் என்று தனிப் பிரிவே வைத்தார்கள். சம்மத வயதை அதற்காகக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம், 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆணுறை தர மறுப்பதையே தடை செய்கிறது. நம் போக்சோவின் முகவுரை, 1992 டிசம்பர் 11 அன்று இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையைப் பெருமையோடு குறிப்பிடுகிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2016-இல் வெளியிட்ட 20-ஆம் பொதுக் கருத்துரையில், வளரிளம் பருவத்தினருக்கான பாலியல் நல ஆலோசனைக்கும் சாதனங்களுக்கும் மூன்றாம் நபர் சம்மதம் போன்ற தடைகள் கூடாது என்று எழுதியிருக்கிறது. முகவுரையில் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் படிக்காமல் விட்டால் எப்படி?

2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் தன் 283-ஆம் அறிக்கையில், சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரை உள்ளவர்கள் வழக்கில் தண்டனையில் நீதிபதிக்கு விருப்புரிமை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதாவது கைது, சிறை, நீதிமன்றம் எல்லாம் முடிந்து கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் இரக்கம். கருத்தடை கேட்டு வருகிற பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சம்மத வயது பற்றிய பெரிய விவாதம் நடக்கட்டும், நான் 16 பக்கம் நிற்பவள், மறைக்கவில்லை. ஆனால் அது முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் கேட்கிறேன்.

சுகாதார அமைச்சர் அவர்களுக்கு: ஆலோசனை, ஆணுறை, மாத்திரை, அவசர மாத்திரை இவற்றுக்குப் பெற்றோர் சம்மதம் எந்தச் சட்டத்திலும் கேட்கப்படவில்லை என்பதை எழுத்தில், எல்லா மாநிலங்களுக்கும், எங்கள் மையம் வரை வந்து சேரும்படி அனுப்புங்கள். கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி போன்று செய்முறை தேவைப்படுபவற்றுக்கு என்ன நடைமுறை என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். மணமானவரா என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற பழக்கத்தை அதே சுற்றறிக்கையில் நிறுத்துங்கள். கழற்றிய பெட்டிகளைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் அவர்களுக்கு: கருக்கலைப்புக்கு 2022-இல் உச்ச நீதிமன்றம் தந்த பாதுகாப்பைக் கருத்தடைக்கும், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கும், ஆலோசனைக்கும் விரிவாக்குங்கள். விதிகள் வகுக்கும் அதிகாரம் போக்சோவின் பிரிவு 45-இல் உங்களுக்கு இருக்கிறது. அது போதாது என்று உங்கள் சட்ட அலுவலர்கள் சொன்னால் பிரிவு 19-ஐத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவாருங்கள். பாதுகாவலரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைக் கருத்தடைக்கு வைக்காதீர்கள். வைத்தால் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். கர்ப்பத்தையும் நோயையும் தடுப்பதற்காக மட்டுமே உதவும் மருத்துவர், செவிலியர், ஆற்றுப்படுத்துநர் ஆகியோர் மீது பிரிவு 21 பாயாது என்று ஒரு வரி சேருங்கள். 'நடக்கக்கூடும் என்ற ஐயம்' என்ற சொற்கள் கருத்தடை கேட்பதற்குப் பொருந்தாது என்று தெளிவுபடுத்துங்கள்.

புகார் கட்டாயமாக இருக்க வேண்டிய இடங்களையும் அதே மசோதாவில் எழுதுங்கள்: கட்டாயப்படுத்தல், மிரட்டல், பணம், பெரிய வயது வித்தியாசம், குடும்பத்துக்குள் நடப்பது, பிள்ளையின் மேல் அதிகாரம் உள்ளவர், 16-க்குக் கீழ் உள்ள சின்னப் பிள்ளைகள். இவற்றில் நாங்கள் புகார் செய்யத் தயார், இப்போதும் செய்கிறோம்.

கடைசியாக இருவருக்கும்: மேலே சொன்னவற்றை இரண்டு அமைச்சகங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே ஆவணமாகத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வெளியிடுங்கள். தயாரிக்கும்போது வளரிளம் பருவத்தினர் மையங்களில் வேலை செய்பவர்களையும், அங்கே வருகிற 16, 17 வயதுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வருகிற நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்குள் பதில் வேண்டும். பதில் 'முடியாது' என்றால் அதையும் எழுத்திலேயே தாருங்கள்.

இப்படிக்கு,
வளரிளம் பருவத்தினர் மையம் ஒன்றின் ஆற்றுப்படுத்துநர்
(ஒப்பந்தப் பணி என்பதால் பெயர் எழுதவில்லை)